அரிய பறவை கூட்டத்துக்குள்தான் நிற்கிறது

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். இரண்டு ஆண்டுகளாக வாரந்தோறும் ஒரே சதுப்புநிலத்துக்குப் போய்வந்தும் அரிய பறவை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, நீங்கள் திரும்பி வந்த மறுநாளே வேறொருவர் அதே இடத்தில் ஒன்றைக் கண்டு பதிவிடுகிறார், இது எப்படி என்பது முதலாவது. சென்ற வாரம் புல் விளிம்பில் தனியாக மேய்ந்துகொண்டிருந்து, நடுங்கும் குரலெழுப்பிப் பறந்துபோன, மஞ்சள் கால் கொண்ட சின்னஞ்சிறு உள்ளான் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவை) எது என்பது இரண்டாவது. இரண்டாவதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய விடை சற்று உறுத்தலாக இருக்கலாம். மறுநாள் வந்தவர் கண்ட பறவை முந்தைய நாள் உங்கள் முன்னாலும் நின்றிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நீங்கள் அதைப் பார்த்தும் இருப்பீர்கள். ஆனால் "கொசு உள்ளான், சுமார் இருநூறு" என்று எழுதிய இருநூறுக்குள் அதையும் சேர்த்து எண்ணியிருப்பீர்கள். அரிய பறவை பெரும்பாலும் தனக்கென ஒரு மேடை போட்டுக்கொண்டு நிற்பதில்லை. தன் அளவும் தன் உணவுப் பழக்கமும் உள்ள பழகிய பறவைகளின் கூட்டத்தோடுதான் அது சேர்ந்துகொள்கிறது. ஆகவே அரிதானதைத் தேடுவது என்பது, நடைமுறையில், சாதாரணமானதை மிக நெருக்கமாக அறிந்துவைத்திருப்பதும், அந்த அறிவோடு பொருந்தாத ஒன்று கண்ணில் பட்டால் அங்கே நின்றுவிடுவதுமே ஆகும்.

"அரிய" என்ற ஒரே சொல்லை நாம் மூன்று வேறு பொருள்களில் ஆள்கிறோம் என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். உலகிலேயே சில நூறு மட்டும் எஞ்சியிருக்கும் பறவை ஒரு வகை. ருசியாவின் வடகிழக்குக் கோடியில் முட்டையிட்டுத் தென்கிழக்காசியக் கடற்கரைகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் கரண்டி அலகு உள்ளான் இதற்கு எடுத்துக்காட்டு. தன் ஊரில் ஏராளமாக இருந்தும், வழிதவறி நம் நீர்நிலைக்கு வந்ததால் மட்டுமே அரிதாகிவிட்ட பறவை இரண்டாம் வகை. எப்போதும் இங்கேயே இருந்துகொண்டு, கோரைக்குள் மறைந்து வாழ்வதால் நாம் காணாத பறவை மூன்றாம் வகை. குருகுகளும் கானாங்கோழி இனங்களும் இதில் அடங்கும். முதல் இரண்டையும் கூட்டத்துக்குள் தேட வேண்டும். மூன்றாவதைத் தேடவே கூடாது, அது வெளியே வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

பழகிய பறவையை அறிவது என்றால் அதன் பெயரைச் சொல்ல முடிவது அன்று. பொரி உள்ளானை எடுத்துக்கொள்வோம். வலசைப் பருவத்தின் தொடக்கத்தில் வரும் இளம்பறவையின் முதுகில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். அதே பறவை சில மாதங்களில் இறகு தேய்ந்து, புள்ளிகள் மங்கி, ஏறக்குறைய ஒரே பழுப்பாகிவிடும். முகிலிட்ட காலையில் அது சாம்பல் நிறமாகவும் மாலை வெயிலில் செம்பழுப்பாகவும் தோன்றும். குளிரில் இறகுகளை உப்பிக்கொண்டு நிற்கும்போது குட்டையாகவும், பருந்தைக் கண்டு கழுத்தை நீட்டும்போது நெட்டையாகவும் தெரியும். இத்தனை கோலங்களையும் நூறு முறை பார்த்திருந்தால்தான், நூற்றோராவது முறை நிற்பது பொரி உள்ளான் இல்லை என்று மனம் சொல்லும். காரணம் பிறகுதான் புலப்படும். முதலில் எழுவது "ஏதோ சரியில்லை" என்ற உணர்வு மட்டுமே, அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. ஒரு முழுக் காலைப்பொழுதை ஒரே ஓர் இனத்துக்கு ஒதுக்குங்கள். அலகின் நீளம் தலையின் நீளத்தைப்போல எத்தனை மடங்கு, நிற்கும்போது இறக்கைநுனி வாலைத் தாண்டுகிறதா, நடை விட்டுவிட்டு ஓடுவதா, தொடர்ந்து குத்துவதா, பறக்கும்போது பின்முதுகு வெள்ளையா, இறக்கையில் வெண்பட்டை உண்டா, எழும்பும்போது என்ன குரல் என்று பார்த்துக் குறிப்பெழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பச்சைக்கால் உள்ளானை இப்படி ஒரு பருவம் முழுவதும் பார்த்தவருக்குத்தான், மிக அரிதான நார்ட்மன் பச்சைக்கால் உள்ளான் அந்தக் கூட்டத்தில் நின்றால், கால்கள் குட்டையாகவும் மஞ்சளாகவும் இருப்பதும், அலகு அடியில் தடித்து இரு நிறமாக இருப்பதும் உடனே தட்டுப்படும். மற்றவருக்கு அது இன்னுமொரு பச்சைக்கால் உள்ளான்.

கூட்டத்துக்குள் தேடுவதன் நுட்பத்துக்கு இன்னொரு நல்ல பாடம் வளைமூக்கு உள்ளானும் டன்லின் என்னும் உள்ளானும். இனப்பெருக்க காலம் அல்லாத சாம்பல் கோலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, இரண்டுக்கும் கீழ்நோக்கி வளைந்த கரிய அலகு. வளைமூக்கு உள்ளான் ஆயிரக்கணக்கில் வரும் இடங்களில் டன்லின் ஒன்றிரண்டே வரக்கூடும்; டன்லின் மிகுந்த இடங்களில் இதற்கு நேர்மாறு. ஆயிரம் பறவைகளின் அலகையும் ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் கூட்டம் எழும்பும்போது வளைமூக்கு உள்ளானின் பின்முதுகு முழுவெள்ளையாக மின்னும். டன்லினுக்கு அந்த வெள்ளையின் நடுவே கரிய கோடு ஓடும். தரையில் நிற்கையில் டன்லின் கால் குட்டையாய், தோளைக் குறுக்கிக்கொண்டு கூன் விழுந்தாற்போல் தெரியும். எந்த அடையாளத்தை எப்போது எதிர்பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆயிரம் பறவைகளை இரண்டு நிமிடத்தில் சலித்துவிடலாம்.

கரண்டி அலகு உள்ளானைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் பெரிய பிழை கரண்டியைத் தேடுவதுதான். பக்கவாட்டில் பார்த்தால் அந்த அலகு சாதாரணக் கரிய அலகுபோலவே தெரியும். பறவை நேராக நம்மை நோக்கித் திரும்பும்போதுதான் நுனி விரிந்திருப்பது தெரியும். உருவிலும் நிறத்திலும் அது, கூடவே மேயும் செங்கழுத்துக் கொசு உள்ளானைப் போன்றது. பழகியவர்கள் முதலில் கவனிப்பது அது மேயும் விதத்தை. கொசு உள்ளான் அங்குமிங்கும் ஓடித் தரையைக் கொத்திக்கொண்டிருக்கையில், இது தலையைத் தாழ்த்தியபடியே ஆழமற்ற நீரிலோ கூழான சேற்றிலோ அலகை அமிழ்த்திப் பக்கவாட்டில் அசைத்து நகரும். முகமும் மார்பும் சற்றுக் கூடுதல் வெள்ளை. இவற்றை வைத்து ஒரு பறவையைத் தனியே பிரித்தெடுத்த பிறகுதான், அது தலையைத் திருப்புவதற்காகக் காத்திருக்க வேண்டும்.

இனி எங்கே தேடுவது என்பது. சதுப்புநிலம் என்று பொதுவாகச் சொன்னாலும், பறவையின் கண்ணுக்கு அது நீரின் ஆழத்தை வைத்துப் பிரிக்கப்பட்ட பல தெருக்கள். ஈரம் மட்டும் உள்ள வெறுஞ்சேற்றில் உப்புக்கொத்திகள். விரல் கடை அளவு நீரில் கொசு உள்ளான்கள். அதற்கு அப்பால் பவளக்கால் உள்ளான், பிறகு கருவால் மூக்கன், நெடுங்கால் உள்ளான். மேலும் ஆழத்தில் தலையை மட்டும் கவிழ்த்து மேயும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும். கடைசியில் மூழ்கி இரை தேடும் வாத்துகளும் முக்குளிப்பானும். கால் நீளமும் அலகு நீளமுமே இந்த வரிசையைத் தீர்மானிக்கின்றன. எனவே நீர்மட்டம் ஒரு சாண் ஏறினாலோ இறங்கினாலோ முழு நிலத்தின் பறவைகளும் இடம் மாறிவிடும். நீங்கள் எப்போதும் ஒரே மேட்டில் நின்று பார்க்கிறீர்கள் என்றால், சென்ற மாதம் சிறந்த இடமாக இருந்தது இந்த மாதம் வெறும் ஏரியாக இருக்கலாம். நீர் வற்றிக்கொண்டிருக்கும் சில வாரங்களே உள்ளான்களுக்கு மிகச் சிறந்தவை. அன்றாடம் புதிதாக ஒரு சேற்று விளிம்பு வெளிப்படும், அதில் புழுக்களும் பூச்சிகளும் இருக்கும்.

பெயர்பெற்ற நீர்நிலையை மட்டும் கட்டிக்கொண்டு அழவும் வேண்டாம். 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் சதுப்புநிலத்துக்குத் தரும் வரையறை மிக விரிந்தது: இயற்கையோ செயற்கையோ, நன்னீரோ உவர்நீரோ, கடல்நீர் உள்வாங்கும் நேரத்தில் ஆறு மீட்டருக்கு மிகாத ஆழமுள்ள கடற்பகுதி உட்பட அனைத்தும் அதில் அடங்கும். உப்பளம், நெல்வயல், கழிவுநீர்க் குட்டை, கைவிடப்பட்ட மீன்பண்ணை ஆகிய எல்லாமே சதுப்புநிலங்கள்தான். யாரும் போகாத கழிவுநீர்க் குட்டையில் நான் கண்டிருக்கும் பறவைகளின் பட்டியல், எல்லோரும் போகும் சரணாலயத்தில் கண்டதைவிட எனக்குப் பெருமை தருவது. மூக்கைப் பொத்திக்கொள்ளப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

கடலோரச் சேற்றுவெளியானால் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரம், பார்த்துப் போவது மிக முக்கியம். நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் பல கிலோமீட்டர் பரப்பில் சிதறி, கானலுக்குள் புள்ளிகளாகத் தெரியும். நீர் ஏறத் தொடங்கியதும் அவை கரையை நோக்கித் தள்ளப்பட்டு, உச்ச நீர்மட்டத்தில் சில மணல்திட்டுகளில் நெருக்கியடித்து ஒதுங்கும். உச்சநீருக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால் பறவைகள் தாமாகவே உங்களிடம் வரும். நாம் பறவையை நோக்கி நடப்பதற்கும் பறவை நம்மை நோக்கி நடப்பதற்கும் உள்ள வேறுபாடு, பறவை நோக்குவதில் பாதி.

ஒளியைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். எதிரொளியில் எல்லாப் பறவையும் கறுப்பு. கால் நிறம், புருவக்கோடு, முதுகின் வரிகள் எவையும் நம்பத்தக்கவை அல்ல. காலை வெயில் ஏறியபின் சேற்றிலிருந்து எழும் வெப்ப அலையில் அலகுகள் வளைந்தும் நீண்டும் தெரியும். அந்த நேரத்தில் உருப்பெருக்கத்தைக் கூட்டுவது கானலைத்தான் பெருக்கும். குறைத்துவைத்துப் பாருங்கள், அல்லது வீடு திரும்புங்கள்.

கருவி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்வில்லையும் கொண்ட இருகண்நோக்கி போதும். பத்து மடங்கு கைநடுக்கத்தையும் பத்து மடங்காக்கும், பார்வைப் பரப்பையும் குறைக்கும். அகன்ற சேற்றுவெளிக்கு முக்காலியில் பொருத்திய, 20 முதல் 60 மடங்கு வரை மாற்றக்கூடிய தொலைநோக்கி பெரும் உதவி. அதை வைத்திருக்கும் நண்பர் கிடைத்தால் அதைவிடப் பெரும் உதவி.

கூட்டத்தைப் பார்க்கும் முறைக்கு வருவோம். பெரும்பாலோர் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும் பறவைக்குத் தாவி, அங்கிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறார்கள். நான் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை, ஒவ்வொரு பறவைமீதும் ஒரு நொடியாவது நின்று, எண்ணிக்கொண்டே போவேன். பிறகு வலதிலிருந்து இடதுக்குத் திரும்புவேன். இரண்டாம் முறையில் முதல் முறை தூங்கிக்கொண்டிருந்தவை தலையை எடுத்திருக்கும், நாரைக்குப் பின்னால் மறைந்திருந்தவை வெளியே வந்திருக்கும். எண்ணுவது வெறும் புள்ளிவிவரத்துக்காக அன்று. எண்ணும்போது ஒவ்வொரு பறவையையும் "இது இன்னது" என்று மனத்துக்குள் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது, அந்த உறுதி தயங்கும் இடத்தில்தான் அரிய பறவை நிற்கிறது. 1987இல் தொடங்கி ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் ஒருமுறையேனும் பங்கெடுங்கள். மூவாயிரம் வாத்துகளை எண்ணி முடிக்கும் ஒரு காலை, முப்பது நாள் சும்மா சுற்றியதற்கு ஈடு.

சேற்றுப் பூனைப்பருந்து, பைரி போன்ற வேட்டைப்பறவை வரும்போது சலித்துக்கொள்ளாதீர்கள். பறவையெல்லாம் போய்விட்டதே என்று கருவியைக் கீழே இறக்குபவர்கள் பலர். நாம் எழுப்பக்கூடாத கூட்டத்தை அது எழுப்பித் தருகிறது. கருவால் மூக்கன்களின் கூட்டம் எழும்பினால் ஒவ்வொன்றிலும் வெண்ணிற இறக்கைப்பட்டையும் கரிய வால்முனையும் தெரியும். அவற்றிடையே பட்டை இல்லாத இறக்கை ஒன்று தெரிந்தால் அது பட்டைவால் மூக்கன். பத்து நொடிக்குள் முடிந்துவிடும் காட்சி இது, ஆனால் தரையில் அரை மணி நேரம் பார்த்தும் கிடைக்காத விடை அதில் கிடைக்கும். கூட்டம் மீண்டும் இறங்கும்போது இடங்கள் மாறியிருக்கும் என்பதால், முதலிலிருந்து ஒருமுறை எண்ணுவதும் வீண்போகாது.

மறைந்து வாழும் மூன்றாம் வகைக்கு முறையே வேறு. கோரை முடிந்து சேறு தொடங்கும் விளிம்பை, விடியலுக்கு முன்போ அந்தி மங்கும்போதோ, ஒரே இடத்தில் நாற்பது நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கானாங்கோழி முதலில் தலையை மட்டும் நீட்டும், உள்ளே போகும், ஐந்து நிமிடம் கழித்து இரண்டடி வெளியே வரும். குருகு அசையாமல் நின்றால் கோரைத்தட்டையிலிருந்து பிரித்தறிய முடியாது. அது நகரும்போதுதான் பிடிபடும். பதிவுசெய்த குரலை ஒலிபரப்பி வெளியே வரவழைக்கும் குறுக்குவழியை நான் ஏற்பதில்லை. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணி அந்தப் பறவை கூட்டையோ இரையையோ விட்டுவிட்டு வருகிறது.

வழிதவறி வரும் பறவைகளுக்குப் பருவமும் வானிலையும்தான் சாவி. பல உள்ளான் இனங்களில் முதிர்ந்த பறவைகள் முன்னே கிளம்பிவிடுகின்றன. இளம்பறவைகள் வாரங்கள் கழித்து, வழிகாட்ட யாருமின்றிப் பிறவியுணர்வை மட்டும் நம்பிப் புறப்படுகின்றன. அந்த உணர்வு எவ்வளவு வலுவானது என்பதற்கு, 2022 அக்டோபரில் ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மானியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில் எங்கும் இறங்காமல் கடந்ததைச் சொல்லலாம். அதன் உடலில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி அந்தப் பாதையைக் காட்டியது. ஆனால் எல்லா இளம்பறவைக்கும் திசைகாட்டி இவ்வளவு சரியாக அமைவதில்லை, காற்றும் ஒத்துழைப்பதில்லை. ஆகையால் வலசைக்காலத்தின் நடுப்பகுதியிலிருந்து, இளம்பறவைகள் வந்துசேரும் வாரங்களில், கூடுதல் விழிப்போடு இருங்கள். எதிர்க்காற்றும் மழையும் சேர்ந்த இரவுக்கு அடுத்த காலை, பறந்துகொண்டிருந்தவை கட்டாயமாகத் தரையிறங்கியிருக்கும். புயல் கரை கடந்த மறுநாளில் உள்நாட்டு ஏரிகளையும் பாருங்கள். கடலைவிட்டு விலகாத கப்பற்பறவையும் ஆழ்கடல் ஆலாக்களும் அங்கே களைத்துத் திரியக்கூடும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு நாள், பொருந்தாத பறவை ஒன்று கண்ணில் படும். அப்போது செய்ய வேண்டியது அதை அரிய பறவை என்று நிறுவுவதன்று. சாதாரணப் பறவையாக இருப்பதற்கான வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடைப்பது. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் கருங்கால் கொண்ட சிறிய உள்ளான் ஒன்றைக் கண்டு, முதுகின் நிறம் பொருந்தாததால் புதிய இனம் கிடைத்துவிட்டதென்று இரண்டு மணி நேரம் படபடப்போடு குறிப்பெழுதினேன். பிறகு அது தெளிந்த நீருக்குள் இறங்கி நடந்து வெளியே வந்தது, கால்கள் மஞ்சளாகிவிட்டன. நான் வரைந்துவைத்திருந்த கருங்கால்கள் காய்ந்த சேறு. அன்றிலிருந்து கால் நிறத்தை, பறவை கழுவிக் காட்டும்வரை நம்புவதில்லை.

சேறு மட்டுமா? நிறமிக் குறைவால் வெள்ளை இறகுகள் முளைத்த பறவைகள் எந்த நூலிலும் இல்லாத கோலத்தில் நிற்கும். வாத்துகள் இனங்களுக்கிடையே கலந்து கலப்பினக் குஞ்சுகள் ஈனும். அருகிவரும் பேயர் வாத்தைப் பதிவுசெய்பவர்கள், வெண்கண் வாத்தோடு கலந்த பறவை அன்று என்று காட்டவேண்டிய கட்டாயம் இதனால்தான். அழகிய வாத்து ஒன்று மனிதரைக் கண்டு விலகாமல் நின்றால், யாருடைய வளர்ப்பிடத்திலிருந்தோ தப்பி வந்ததா என்று காலில் மூடிய வளையத்தையும் வெட்டுப்பட்ட சிறகு நுனியையும் பார்க்க வேண்டும். விருப்பம் கண்ணை மறைப்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. மறைந்துவிட்டதாகக் கருதப்படும் இளஞ்சிவப்புத் தலை வாத்தைக் கண்டதாக எழுந்த கூற்றுகள் பலவற்றில், உண்மையில் நின்றது செங்கொண்டை வாத்துதான்.

மெல்லலகுக் கோட்டானின் கதை இன்னும் துயரமானது. (கோட்டான் என்றதும் ஆந்தையை நினைக்க வேண்டாம், நீண்டு வளைந்த அலகுடைய கரைப்பறவைக்கும் அதே பெயர்தான் வழங்குகிறது.) அந்த இனம் உறுதியாகக் கடைசியாகக் காணப்பட்டது 1995 பிப்ரவரியில், மொராக்கோவின் மெர்ஜா செர்கா கழிமுகத்தில். அதன் பிறகும் கண்டதாகச் சொன்னவர்கள் உண்டு. பெரிய கோட்டானின் இளம்பறவைக்கு அலகு குட்டையாக இருக்கும் என்பது இந்த மயக்கத்துக்கு வழிவகுத்த காரணங்களுள் ஒன்று. ஒரு தவறான பதிவு ஒருவருடைய பெருமைக்கு மட்டும் கேடு செய்வதோடு நிற்பதில்லை. எஞ்சியிருப்பதாக நம்பி வேறிடத்தில் தேடவேண்டிய முயற்சியைத் திசைதிருப்புகிறது.

ஆகவே பதிவுசெய்யும் ஒழுங்கு வேண்டும். பறவை கண்ணெதிரே இருக்கும்போதே, நூலைத் திறப்பதற்கு முன், பார்த்ததை எழுதுங்கள். நூலைத் திறந்தபின் எழுதினால் நூலில் உள்ளதைத்தான் பார்த்ததாக எழுதுவோம். அருகில் நிற்கும் அறிந்த பறவையோடு ஒப்பிட்டு அளவைக் குறியுங்கள். "சிறியது" என்பதைவிட "பொரி உள்ளானில் மூன்றில் இரண்டு பங்கு" என்பது பத்து மடங்கு பயனுள்ளது. தூரமும் ஒளியும் எப்படி இருந்தன, எதைப் பார்க்க முடியவில்லை என்பதையும் எழுதுங்கள். படம் எடுக்க முடிந்தால் முதலில் மோசமான படமாகவேனும் எடுத்துவிடுங்கள், அழகு பிறகு. பறக்கும்போது வாலும் பின்முதுகும் விரிந்து தெரியும் ஒரு மங்கலான படம், நிற்கும் பறவையின் பத்துத் தெளிவான படங்களைவிட வழக்கைத் தீர்க்கும். சிலவற்றை அப்படியும் தீர்க்க முடியாது. ஊசிவால் உள்ளானையும் ஸ்வின்ஹோ உள்ளானையும், வால் இறகுகள் விரிந்த படம் இல்லாமல் களத்தில் பிரிப்பது ஏறக்குறைய இயலாத செயல். "இவ்விரண்டில் ஒன்று" என்று எழுதி மூடிவைப்பது தோல்வி அன்று, அதுவே சரியான பதிவு.

உங்கள் பதிவைச் சரிபார்த்து, ஐயமுற்றுக் கேள்வி கேட்கும் மதிப்பீட்டாளர்மீது கோபப்படாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் புதியவர் பலர் அங்கேதான் மனம் நொந்து ஒதுங்கிவிடுகிறார்கள். பிரிட்டனில் அரிய பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கும் குழு 1959இல் அமைந்தது. அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, இருபதாம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் பகுதியிலிருந்து வந்து குவிந்த அரிய பறவைப் பதிவுகள் நம்பத்தகாதவை என்று புள்ளியியல் கொண்டு காட்டப்பட்டு, ஒட்டுமொத்தமாகத் தள்ளப்பட்டன. அவை அளவுக்கு மீறி அரிதாகவும், அளவுக்கு மீறி அதிகமாகவும் இருந்தன. 2002இல் கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகம் முன்னின்று தொடங்கிய, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இபேர்டு இணையதளத்திலும், அந்த இடத்துக்கும் நாளுக்கும் வழக்கமில்லாத இனத்தை நீங்கள் பதிந்தால் விளக்கம் கேட்கும். கேட்பது உங்கள் நேர்மையைச் சந்தேகித்து அன்று. ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் பதிவைப் படிப்பவர், அருகில் உங்களை வைத்துக்கொண்டு கேட்க முடியாது என்பதால்.

பறவையின் கால்களில் ஆய்வாளர்கள் மாட்டிய சிறு கொடியோ வண்ண வளையமோ இருந்தால் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நிறம், எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, மேலே உள்ளது எது, எழுத்து இருந்தால் என்ன என்பவை அனைத்தும் வேண்டும். கிழக்காசிய ஆஸ்திரலேசிய வலசைப்பாதையில் கொடியின் நிறச்சேர்க்கையே அந்தப் பறவை எந்தப் பகுதியில் பிடித்து விடப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். ஒரு பொதுவான உள்ளானின் காலில் இருக்கும் கொடி, எத்தனையோ அரிய பறவைப் பதிவுகளைவிட ஆய்வாளருக்கு அதிகம் பயன்படும்.

கண்டதை உடனே ஊருக்கு அறிவிப்பதா என்பதில் எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. திறந்தவெளியில் மேயும் வழிதவறிய பறவையானால் அன்றே சொல்லிவிடுவேன்; மற்றவர்களும் பார்த்து உறுதிசெய்யட்டும். கூடு கட்டும் பறவையானாலோ, ஒதுங்கும் இடம் மிகக் குறுகியதானாலோ, அது இடம்பெயரும்வரை வாய் திறப்பதில்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து கொழுப்பையெல்லாம் எரித்துவிட்டு வந்த உள்ளானை உச்சநீர் நேரத்தில் நான்கு முறை எழுப்பினால், அது மேய்ந்து சேர்த்ததெல்லாம் வீணாகும். கூட்டத்தில் தலைகள் ஒருசேர நிமிர்ந்து, கோதுவதும் தூங்குவதும் நின்றுவிட்டால் நீங்கள் ஏற்கெனவே ஓரடி அதிகமாக வந்துவிட்டீர்கள்; அங்கேயே உட்காருங்கள், அல்லது மெல்லப் பின்வாங்குங்கள்.

இனி உங்கள் புல் விளிம்புப் பறவை. தனியாக நின்றது, மஞ்சள் கால், முதுகு வரிகளற்ற பழுப்பு, எழும்பும்போது நடுங்கும் குரல், நேராக உயரமாக ஏறிப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கம் வழக்கமாக வரும் மஞ்சள் காலுடைய கொசு உள்ளான்கள் இரண்டு. நீளவிரல் கொசு உள்ளானாக இருந்திருந்தால் முதுகில் கரிய நடுவும் வெளிர் விளிம்பும் கொண்ட இறகுகள் வரிவரியாகத் தெரிந்திருக்கும், கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிற்கும் பழக்கமும் கண்ணில் பட்டிருக்கும். நீங்கள் சொல்லும் மங்கலான முதுகும், நடுங்கும் குரலும், செங்குத்தாக ஏறும் பறப்பும் டெம்மின்க் கொசு உள்ளானுக்கே பொருந்துகின்றன. அரிய பறவை அன்று. ஆனால் இருநூறு கொசு உள்ளான்கள் மேய்ந்த சேற்றில் அந்த ஒன்றை நீங்கள் தனியே பிரித்திருக்கிறீர்கள். குளிர்காலத்தில் இவ்வகை உள்ளான் ஒரே புல் விளிம்பில் தங்கிவிடுவதும் உண்டு. அதனால் இந்த வாரமும் அங்கேயே போய், அது இறங்கும் நொடியில் விரியும் வாலின் வெளியிறகுகளை மட்டும் பாருங்கள்: தூய வெள்ளையானால் டெம்மின்க், சாம்பல் கலந்திருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.